உங்கட பேரே இல்லை, அக்கா

கிளிநொச்சியில் கண்டி வீதி வழியே ஒரு நடை நடந்து பாருங்கள். போர் முடிந்த கையோடு இங்கே முந்திக்கொண்டு நட்டவை வங்கிப் பலகைகள். பல பள்ளிக்கூடங்களுக்குக் கூரை வருமுன்னே அவை வந்துவிட்டன. கண்ணாடிக் கதவு. ஏசிக் குளிர். சுவரில் சிரிக்கும் குடும்பம் ஒன்றின் படம். அந்தக் குடும்பம் வன்னியில் எந்த ஊர் என்று விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. படத்தில் இருக்கும் அம்மாவின் கையில் ஒரு கிரெடிட் கார்ட். கீழே கனவு, எல்லை, வானம் என்ற மூன்று சொற்களைக் குலுக்கிப் போட்ட ஒரு வாசகம்.

உள்ளே போய் அந்தக் கார்டைக் கேளுங்கள். எல்லை எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுவார்கள்.

"அக்கா, கிரிப்பில உங்கட பேரே இல்லையே."

சொல்கிற தம்பி மரியாதையாகத்தான் சொல்கிறார். அவரைத் திட்டிப் பயனில்லை. கொழும்புக் கணினி "இல்லை" என்றது. அவர் அதை நம்முடைய தமிழில் சொன்னார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

கிரிப் என்றால் கடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்தது. நீங்கள் எந்த வங்கியில், எந்த லீசிங் கம்பனியில் எவ்வளவு எடுத்தீர்கள், எத்தனை தவணை பிந்தினீர்கள், யாருக்குப் பிணை நின்றீர்கள் என்பதெல்லாம் அங்கே ஏறும். அதைத் திறந்து பார்க்காமல் வங்கி கார்ட் பற்றிப் பேசாது. வாங்கித் திருப்பியவர் நல்லவர். வாங்கித் திருப்பாதவர் கெட்டவர். வாங்கவே வாங்காதவர்? அவர் ஆளே இல்லை. கடன் படாமல் காலம் தள்ளிய குற்றத்துக்கு இந்த நாட்டில் இதுதான் தண்டனை.

1990 என்ற ஆண்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அந்த ஆண்டு ஜூனில் போர் மறுபடி வெடித்தது. வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. சீமெந்து இல்லை. பற்றறி இல்லை. உரம் இல்லை. எரிபொருள் இல்லை. குடிமக்களின் கடன் ஒழுக்கத்தைப் பதிவதற்குக் கொழும்பில் பேரேடு திறந்த அதே அரசுதான் வன்னிக்குப் போகிற மண்ணெண்ணெயை மறித்தது. ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்த சனம், அந்த வெளிச்சத்தில் கிரெடிட் கார்ட் விண்ணப்பம் நிரப்பாமல் விட்டது பெரிய பிழைதான். மன்னிக்க வேண்டும்.

சரி, வன்னிச் சனம் கடனே வாங்கவில்லையா? வாங்காமல் எப்படி வயல் விதைப்பது? காலபோகத்துக்கு உரமும் எண்ணெயும் கடைக் கொப்பியில் ஏறும். மாசியில் நெல் வெட்டியதும் கொப்பி வெட்டப்படும். முல்லைத்தீவுக் கரையில் சம்மாட்டியிடம் வலைக்கு முன்பணம் வாங்குவார்கள். மீனில் கழிப்பார்கள். சீட்டுப் பிடிப்பார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் எடுப்பார்கள். 1994இல் தொடங்கிய தமிழீழ வைப்பகம் கிளிநொச்சியில் தலைமையகம் வைத்து வைப்பும் வாங்கியது, கடனும் கொடுத்தது, நகையும் அடகு பிடித்தது. அந்த வைப்பகத்தின் அரசியலை எப்படி வேண்டுமானாலும் பேசுங்கள். அங்கே அடகு வைத்த காப்புக்கு அரசியல் கிடையாது. அது ஒரு அக்காவின் காப்பு.

இந்தக் கணக்கெல்லாம் எங்கே? 2009இல், இறுதிப் போரில் எரிந்தது. கொப்பி வைத்திருந்த கடைக்காரர்களில் எத்தனையோ பேர் மாத்தளனைத் தாண்டவில்லை. "இவ ஒரு நாளும் கடன் பிந்தினதில்லை" என்று சொல்லக்கூடிய வாய்களை மூடிவிட்டு, இப்போது சான்று கேட்கிறார்கள்.

இதற்கு அடுத்த காட்சி வவுனியா, செட்டிகுளம், மெனிக் பாம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தை முள்கம்பிக்குள் அடைத்து வைத்த இடம். வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று பேர். தமிழ்க் கனவான்களுக்கு அரசு செய்த மரியாதை அது. வெளியே போக அனுமதியில்லை. உறவினரைப் பார்க்கக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்க வேண்டும். ஆனால் வங்கி மட்டும் உள்ளே வந்தது. அரச வங்கிகள் முகாமுக்குள்ளேயே கருமபீடம் திறந்தன. சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த கடைசிக் காசை வாங்கிப் பாஸ் புத்தகம் எழுதிக் கொடுத்தன.

அப்போது முகவரிச் சான்று யாரும் கேட்கவில்லை. மின்சாரப் பட்டியல் கேட்கவில்லை. தறப்பாள் கொட்டிலின் இலக்கமே போதுமாக இருந்தது. காசு கொடுக்க வருகிறவரை வங்கிக்கு நன்றாக அடையாளம் தெரியும். கேட்க வருகிறபோதுதான் கண் மங்குகிறது.

அப்படிச் சொல்வதும் முழு நியாயமில்லை. கேட்காமலே கடன் கொடுத்த காலமும் ஒன்று வந்தது. அதைப் பற்றிப் பேசத்தான் வேண்டும்.

மீள்குடியேறிய சனத்துக்கு இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபா கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் சீமெந்து விலையும் மணல் விலையும் மேசன் கூலியும் ஐந்தரை லட்சத்தோடு நிற்கவில்லை. சுவர் எழும்பும், கூரைக்குக் காசு இராது. மிச்சத்துக்கு மிஞ்சியிருந்த நகை போனது. நகைக்குப் பிறகு, வீட்டு வாசலுக்கே மோட்டார் சைக்கிளில் கடன் வந்தது. நுண்கடன். சனம் வைத்த பேர் கிழமைக் கடன். செவ்வாய்க்கு ஒரு கம்பனி, வியாழனுக்கு ஒரு கம்பனி. லாண்ட்மாஸ்ரருக்கு லீசிங். ஓட்டோவுக்கு லீசிங். போரில் கணவனை இழந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கிற நிலத்தில், கடன் கொடுக்கப் பொருத்தமான ஆள் பெண்தான் என்று கண்டுபிடித்தார்கள். பெண் மானத்துக்குப் பயப்படுவாள். ஊரை விட்டு ஓடமாட்டாள்.

அந்தக் கடனுக்குச் சம்பளச் சிலிப் கேட்டார்களா? இல்லை. காணி உறுதி கேட்டார்களா? இல்லை. "கிரிப்பில உங்கட பேர் இல்லையே" என்று முகம் சுளித்தார்களா? இல்லவே இல்லை. ஒரு மர நிழலில் நாலைந்து பெண்கள் கூடினால் போதும். ஒருத்திக்கு ஒருத்தி பிணை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவள் அவள் வாசலில் போய் நிற்க வேண்டும். அயலட்டை உறவையே வசூல் இயந்திரமாக்கிய இந்தக் கண்டுபிடிப்புக்குப் பெண்களை வலுவூட்டல் என்று பேர் வைத்தார்கள். கட்டத் தவறினால் வசூல்காரர் தாழ்வாரத்தில் இருட்டும்வரை குந்தியிருப்பார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்.

2018 செப்டெம்பரில் இங்கே வந்த ஐ.நா. நிபுணர் போஹோஸ்லாவ்ஸ்கி, வசூலின் பேரில் பெண்கள் மீது நடந்த வன்முறையையும் பாலியல் இலஞ்சம் கேட்கப்பட்டதையும் வெளிப்படையாகச் சொன்னார். நம்மூர் அதிகாரிகளுக்கு அது புதினமாக இருந்ததாம்.

2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல் மங்கள சமரவீர நிதியமைச்சராக இருந்தபோது, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தார்கள். வட்டிக்கு 35 வீதம் என்று உச்ச வரம்பும் வைத்தார்கள். கவனியுங்கள், 35 வீதம்தான் நிவாரணம். அதற்கு முன் எவ்வளவு உரித்தார்கள் என்பதை அந்த நிவாரணத்தின் வாயாலேயே கேட்டுக்கொள்ளலாம்.

பதிவு வேண்டாத அந்தக் கடனில் ஒரு தவணை தவறினால் மட்டும் கிரிப்புக்கு உடனே ஞாபகம் வந்துவிடும். லீசிங் பிந்தியது, ஓட்டோ பறிபோனது, பிணை நின்ற மச்சாளின் பேரும் கறுத்தது. ஆக, வங்கி வாசலில் நிற்கிற வன்னிச் சனத்தில் ஒரு பாதி பேரே இல்லாதவர்கள். மறுபாதி பேர் கெட்டவர்கள். இரண்டு பேருக்கும் பதில் ஒன்றுதான். "கொஞ்சக் காலம் போகட்டும் அக்கா."

பேரில்லாதவர் பேர் எடுக்க வழி கேட்டால், ஒரு யோசனை சொல்கிறார்கள். முதலில் ஒரு சின்னக் கடன் எடுங்கோ, ஒழுங்காகக் கட்டுங்கோ, பிறகு வாங்கோ. காய்ச்சலே வராதவருக்குச் சுகதேகிச் சான்று தர முடியாது, ஒருமுறை வரவழைத்துக்கொண்டு வாருங்கள், மாறுகிறதா என்று பார்ப்போம் என்கிற வைத்தியம்.

இன்னொரு வழியும் உண்டு. உங்களிடம் இருக்கும் காசை நிலையான வைப்பில் போடுங்கள். அதை நாங்கள் பிடித்து வைத்துக்கொள்வோம். அதன் பேரில் ஒரு கார்ட் தருவோம். வைப்புத் தொகைக்குள் செலவழியுங்கள். பிந்தினால் வட்டி கட்டுங்கள். அதாவது உங்கள் காசை உங்களுக்கே கடனாகத் தந்து, உங்களிடமே வட்டி வாங்கி, அதற்கு உங்களை நன்றியும் சொல்ல வைக்கிற வித்தை. கார்ட் வட்டியின் கதை தெரியும்தானே? 2020இல் மத்திய வங்கி 18 வீதம் என்று எல்லை போட்டது. 2022 ஏப்ரலில் அந்த எல்லையை எடுத்தது. அந்த ஆண்டே வட்டி 30ஐத் தாண்டி ஏறியது. சனத்தின் சம்பளத்துக்கு மட்டும் அப்படி எல்லை எடுக்க யாரும் வரவில்லை.

வைப்புப் போடக் காசில்லை என்றால், சம்பளச் சிலிப். வன்னியில் சம்பளச் சிலிப் யாரிடம் இருக்கிறது? ஆசிரியரிடம், கச்சேரி உத்தியோகத்தரிடம், ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளையிடம். வேறு? சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தில். பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருகிற அந்தத் திணைக்களம் விசுவமடுப் பக்கம் பண்ணை வைத்தது. முன்பள்ளிகளுக்கு ஆசிரியர் வைத்தது. ஆயிரக்கணக்கான வன்னிச் சனத்துக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. சொந்தக் காணியில் கச்சான் போடுகிறவருக்கு வருமானச் சான்று இல்லை. படைக்காரப் பண்ணையில் கச்சான் பிடுங்குகிறவருக்கு உண்டு. அவருக்கு வங்கி கதவு திறக்கும். இதற்குள் இருக்கிற அரசியலை வங்கி பேசாது. வங்கிக்கு அரசியல் தெரியாது, பாவம்.

காணியைப் பிணை வைக்கலாமே என்பீர்கள். உறுதிக் காணி எத்தனை பேரிடம் இருக்கிறது? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட்டோடுதான் குடியேற்றத் திட்டங்களில் மூன்று தலைமுறை வாழ்கிறது. பெர்மிட்டை உறுதி மாதிரி ஈடு வைக்க முடியாது. கேப்பாப்பிலவில் காணியே படையிடம் இருந்தது. 2017இல் வீதியில் கிடந்து போராடித்தான் ஒரு துண்டை மீட்டார்கள். விண்ணப்பப் படிவத்தில் "தற்போதைய முகவரியில் எத்தனை ஆண்டுகள்?" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுதுவது? முகாம் வாசலில் கொட்டில் போட்டுக் குந்தியிருந்த நாட்களையும் சேர்ப்பதா, கழிப்பதா?

"கார்ட் இல்லாவிட்டால் செத்தா போவீர்கள்?" என்று கேட்கிற பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் இரண்டு மூன்று கார்ட் இருக்கும். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே படித்து வெளிவந்து, வீட்டிலிருந்தே வெளிநாட்டுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிற பிள்ளைக்கு மாதம் பத்து டொலரில் ஒரு சேவர் வாடகைக்கு வேண்டும். டெபிட் கார்டைச் சில இடங்கள் ஏற்காது. என்ன செய்கிறான்? கனடாவில் இருக்கிற சித்தப்பாவுக்கு வட்ஸ்அப் போடுகிறான். "சித்தப்பா, கார்ட் நம்பர் ஒருக்கா." அந்தச் சித்தப்பா யார்? இதே கிளிநொச்சியில் இருந்து கையில் ஒன்றுமில்லாமல் போனவர். இங்கே அவருக்கு இல்லாத பேர், ஸ்காபரோவில் இருந்தது. கனடிய வங்கிகள் புதிதாக வந்தவர்களுக்கென்றே, அந்த நாட்டுக் கடன் பதிவு எதுவும் இல்லாமல், கார்ட் தருகின்றன. அவர்களுக்கு நம்மில் பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். வியாபாரம்தான். ஆனால் நாளைக்கு உழைக்கப் போகிறவனை அவர்களுடைய வியாபாரத்துக்கு அடையாளம் தெரிகிறது.

இனி நம்மை எடை போடுகிற பெரியவரின் பதிவைப் பார்ப்போம். 2022 ஏப்ரல் 12. வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அரசு கையை விரித்தது. சுதந்திரத்துக்குப் பின் இதுதான் முதல் தடவை. மொத்த வெளிநாட்டுக் கடன் ஏறத்தாழ 51 பில்லியன் டொலர். மே மாதம் சலுகைக் காலமும் முடிந்தது. வட்டித் தவணை 78 மில்லியன் டொலர் கட்டப்படவில்லை. கடன் தரமிடும் ஃபிட்ச் நிறுவனம் நாட்டை "கட்டத் தவறியவர்" வரிசைக்கு இறக்கியது. தவணை தவறிய ஓட்டோக்காரரின் வாசலில் மாலைக்குள் லீசிங்காரர் நிற்பார். 51 பில்லியன் தவறியவரின் வாசலில் நின்றவர்கள் யார்? கோட் போட்ட ஆலோசகர்கள். பேச்சுவார்த்தை. மறுசீரமைப்பு. தேநீர். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ மூன்று பில்லியன் டொலர் புதுக் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. அந்த நிதியத்திடம் இலங்கை போய் நின்றது அது 17ஆவது தடவை. பதினேழு தடவை கைநீட்டியவருக்குப் பேர் இருக்கிறது. ஒரு தடவையும் நீட்டாத அக்காவுக்கு இல்லை.

உள்ளூர்ப் பெருங்கடன்காரர்களும் தப்பிக்கொண்டார்கள். நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விட வங்கிகளுக்குப் பராட்டே என்றொரு அதிகாரம் உண்டு. 2024இல் அமைச்சரவை அதைத் தற்காலிகமாக நிறுத்தத் தீர்மானித்தது. பிறகு இன்னும் நீட்டினார்கள். தொழில் முயற்சியாளர்கள் நெருக்கடியில் இருக்கிறார்களாம். உண்மையாகவே இருந்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கிழமைக் கடன் எடுத்த பெண்ணும் அதே நெருக்கடியில், அதே மா விலையில், அதே எரிவாயு வரிசையில்தான் நின்றாள். அவளுடைய செவ்வாய்க்கிழமையை ஒரு வாரமாவது ஒத்திவைக்க எந்த அமைச்சரவையும் கூடவில்லை.

அரசு எடுத்த அந்தப் புதுக் கடனுக்கு யார் பிணை? 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. தருமபுரத்தில் சவர்க்காரம் வாங்குகிறவர் கட்டுகிறார். புதுக்குடியிருப்பில் பிள்ளைக்குக் கொப்பி வாங்குகிறவர் கட்டுகிறார். பில்லியன் கணக்கான கடனுக்குக் கையொப்பம் கேட்காமலே பிணையாளியாக்கப்பட்டவர், ஐம்பதினாயிரம் ரூபா எல்லையுள்ள கார்டுக்குத் தகுதியில்லாதவர். இரண்டும் ஒரே ஆள்.

மத்திய வங்கிக்குக் கிளிநொச்சியிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. நிதி அறிவூட்டல் கருத்தரங்கு நடக்கிறது. சேமிக்கப் பழகுங்கள், வரவுக்குள் செலவு செய்யுங்கள் என்று சனத்துக்குப் படிப்பிக்கிறார்கள். எந்தச் சனத்துக்கு? வன்னிக்கு. ரூபாவை அச்சடித்துத் தள்ளிய வங்கி, கூப்பன் அரிசியில் பிள்ளை வளர்த்த பெண்ணுக்குச் சிக்கனம் சொல்லித் தருகிறது. வடையும் தேநீரும் உண்டு.

கடைசியாக அந்தக் காப்பு. வைப்பகத்தில் அடகு வைத்த, போரின் முடிவில் படையினர் எடுத்த தங்கம். 2014 ஒக்டோபரில் அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச கிளிநொச்சிக்கு வந்து, மேடை போட்டு, கமெராவைப் பார்த்துச் சிலருக்கு நகை கையளித்தார். மூன்று மாதத்தில் தேர்தல். தோற்றார். மிச்சம் எங்கே என்று கேட்டவர்களுக்குப் பதில் வர நீண்ட காலம் எடுத்தது. 2025 மே 2ஆம் தேதி, இறுதிப் போரில் கிடைத்த தங்கத்தையும் பெறுமதியான பொருட்களையும் இராணுவம் பொலிஸிடம் கையளித்தது. பதினாறு ஆண்டுகள். அடகுத் துண்டைக் காப்பாற்றி வைத்தவர்களும் இருக்கிறார்கள், துண்டும் எரிந்து போனவர்களும் இருக்கிறார்கள். ஒரு படையிடமிருந்து இன்னொரு படைக்குப் போன நகையின் சொந்தக்காரர்களைத்தான் வங்கி இன்று "உங்களிடம் பிணை வைக்க என்ன இருக்கிறது?" என்று கேட்கிறது.

ஆகவே கடன் தகவல் பணியகத்துக்கு ஒரு விண்ணப்பம். புதுப் பதிவொன்று திறக்கவும். கடனாளி: இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசு. கடன் கொடுத்தோர்: கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்குச் சனம். பொருள்: தாலிக்கொடி, காப்பு, தோடு, சங்கிலி. பிந்திய காலம்: 2009 மேயிலிருந்து எண்ணவும். வட்டி: நுண்கடன் கம்பனிகளுக்கு அரசு அனுமதித்த அதே 35 வீதம் போதும், கூட வேண்டாம். பிணையாளி: ஏற்கெனவே நின்றவர்கள் இனி நிற்க மாட்டோம் என்கிறார்கள்.